இரண்டு வயதுப் பாப்பாவுக்கு எதை வாங்குவது: டேப்லெட்டா, பேசும் பொம்மையா, செப்புச் சாமானா, படப் புத்தகமா?

தை மாதம் என் மகளுக்கு இரண்டு வயது முடிந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே பெங்களூரிலிருந்து தம்பி போன் பண்ணினான். "அக்கா, தாய்மாமன் நான் ஏதாவது பெருசா செய்யணும். நல்ல டேப்லெட்டா ஒண்ணு வாங்கிடவா? ரைம்ஸ், ஏபிசிடி எல்லாம் அதுலயே கத்துக்குவா" என்றான். "கொஞ்சம் பொறுடா, யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

அவன் ஆசையாகக் கேட்டது. உடனே வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. சரி என்று சொல்லவும் முடியவில்லை. மதுரையில் எங்கள் வீட்டில் நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஆறு வரை பாப்பாவைப் பார்த்துக்கொள்வது என் மாமியார்தான். அத்தைக்கு முட்டி வலி, ஓடி விளையாட முடியாது. அதனால் எந்தப் பொருள் வீட்டுக்குள் வந்தாலும் அது அப்பத்தாவுக்கும் பேத்திக்கும் நடுவில்தான் உட்காரப்போகிறது.

தம்பி சொன்ன டேப்லெட், பேட்டரியில் பேசும் பிளாஸ்டிக் பொம்மை, சமையல் விளையாட்டுக்கான மரச் செப்பும் கட்டைகளும், படப் புத்தகம் என்று நான்கு இருந்தன. நான்கையும் ஒரே கேள்வியை வைத்துப் பார்த்தேன்: இது நடுவில் இருந்தால் பாப்பாவும் பக்கத்தில் இருப்பவரும் எவ்வளவு பேசிக்கொள்வார்கள்? இந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவளுடைய வயது. ஒன்றரையிலிருந்து மூன்று வயதுக்குள் குழந்தைகள் தினமும் புதுச் சொல் பிடிக்கிறார்கள். நேற்று "தண்ணி" என்றவள் இன்று "தண்ணி கீழ கொட்டிருச்சு" என்கிறாள். யாராவது பதில் சொல்லச் சொல்லத்தான் அந்தப் பேச்சு வளரும்.

பேசும் பொம்மையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. முதல் பிறந்தநாளுக்கு வந்த குட்டி லேப்டாப். மூடியைத் திறந்தால் பாட்டு, எந்தப் பொத்தானை அமுக்கினாலும் ஆங்கிலத்தில் ஒரு குரல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அதை வைத்துக்கொண்டு நானும் அவளும் பாயில் உட்கார்ந்தோம். அவள் அமுக்குகிறாள், அது "ஏ ஃபார் ஆப்பிள்" என்கிறது, அவள் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறாள். நான் "ஆமா" என்கிறேன். மறுபடி அமுக்குகிறாள். மறுபடி "ஆமா". சொல்ல வேண்டியதை எல்லாம் அந்தப் பொம்மையே சொல்லிவிட்டால் நான் வேறு என்ன சொல்ல? கால் மணி நேரத்தில் நான் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

அப்புறம் ஒரு நாள் பேட்டரி தீர்ந்தது. சத்தம் போடாத லேப்டாப்பை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பாப்பா "அப்பா ஆபீஸ்" என்றாள். "ஆபீஸ் போறீங்களா? யாருக்கு மெயில் அனுப்புறீங்க?" என்று கேட்டேன். "அப்பத்தாக்கு." "அப்பத்தாக்கு என்ன எழுதுறீங்க?" கொஞ்ச நேரம் யோசித்து "பிஸ்கட்டு" என்றாள். அன்றைக்கு அரை மணி நேரம் அந்த லேப்டாப்போடு விளையாடினோம். அதற்கப்புறம் நான் பேட்டரி மாற்றவே இல்லை.

இது என் வீட்டுக் கதை மட்டும்தானா என்று தேடியபோது, அமெரிக்காவில் அன்னா சோசா என்ற பேச்சு ஆராய்ச்சியாளர் 2016இல் வெளியிட்ட ஆய்வு கிடைத்தது. 10 முதல் 16 மாதக் குழந்தைகள் உள்ள 26 வீடுகளில் மூன்று வகைப் பொருள்களைக் கொடுத்து, விளையாடும்போது நடக்கும் பேச்சைப் பதிவு செய்திருக்கிறார். பேசும் பொம்மைகள் ஒரு வகை, அதில் குழந்தைகளுக்கான லேப்டாப்பும் உண்டு. மரப் புதிர், கட்டை போன்ற சாதாரணப் பொம்மைகள் இன்னொரு வகை. மூன்றாவது புத்தகம். பேசும் பொம்மை இருந்தபோது பெற்றோர் நிமிஷத்துக்குச் சுமார் 40 வார்த்தை பேசினார்கள். சாதாரணப் பொம்மை இருந்தபோது 56, புத்தகம் இருந்தபோது 67. சின்ன ஆய்வுதான், ஆங்கிலம் பேசும் வீடுகள்தான். ஆனாலும் என் பாயில் நடந்தது அப்படியே அந்த எண்களில் தெரிந்தது. அதனால் பேசும் பொம்மைக்கு இனி இந்த வீட்டில் காசு செலவழிக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

டேப்லெட் விஷயம் இவ்வளவு சுலபமில்லை. அதில் நல்ல பாட்டு இருக்கிறது, நல்ல தமிழ்க் கதை இருக்கிறது. தம்பி சொல்வது போல "கத்துக்க" நிறைய இருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தை அதிலிருந்து உண்மையில் எவ்வளவு கற்றுக்கொள்ளும் என்பதுதான் கேள்வி.

இதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான பதில் குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பட்ரிசியா குல் 2003இல் செய்த சோதனை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசிக் காட்டினார்கள். ஒரு குழுவோடு ஆள் நேரில் உட்கார்ந்து பேசி, படம் காட்டி, விளையாடினார். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, டிவி திரையில். பன்னிரண்டு அமர்வுகள். நேரில் கேட்ட குழந்தைகளுக்குச் சீன ஒலிகளைப் பிரித்தறியும் திறன் வந்தது. திரையில் கேட்டவர்களுக்கு ஒன்றும் வரவில்லை, சீனமே கேட்காத குழந்தைகள் அளவுக்குத்தான் இருந்தார்கள். 2010இல் உளவியலாளர் ஜூடி டிலோச் குழுவினர் 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு, சொல் கற்றுத்தரும் வீடியோ ஒன்றை ஒரு மாதம் போட்டுக் காட்டச் சொன்னார்கள். வீடியோ பார்த்தவர்கள் பார்க்காதவர்களைவிட அதிகச் சொல் கற்கவில்லை. வீடியோவே இல்லாமல் அம்மா அப்பா அன்றாட வேலைக்கு நடுவே சொல்லிக்கொடுத்த குழந்தைகள்தான் அதிகம் கற்றார்கள்.

மூன்று, நான்கு வயதில் நிலைமை மாறும். 1969இல் அமெரிக்காவில் தொடங்கிய செசமி ஸ்ட்ரீட் போல, கல்வியாளர்களோடு சேர்ந்து யோசித்துச் செய்த நிகழ்ச்சிகள் அந்த வயதுக் குழந்தைகளுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. எல்லாத் திரையும் விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வேகம் ஒரு விஷயம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 2011இல் 60 நான்கு வயதுக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒன்பது நிமிஷம் படபடவென்று காட்சி மாறும் கார்ட்டூன் பார்த்த குழந்தைகள், பார்த்த உடனே வைத்த சோதனைகளில், பொறுமையாக யோசித்துச் செய்யும் வேலையில் பின்தங்கினார்கள். மெதுவான நிகழ்ச்சி பார்த்தவர்களுக்கும் படம் வரைந்தவர்களுக்கும் அப்படி ஆகவில்லை. நம் வீடுகளில் ஓடும் ரைம்ஸ் வீடியோக்களில் ஒரு காட்சி எத்தனை நொடி நிற்கிறது என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது இதுதான்: ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம், ஒரு வயதிலும் வேண்டாம், இரண்டு வயதிலிருந்து நான்கு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இரண்டு வயது வரை திரை வேண்டாம் என்கிறது. சொந்தக்காரர்களோடு எப்போதாவது பேசும் வீடியோ காலுக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அதற்கு வருகிறேன்.

இதை எல்லாம் படித்துவிட்டு அத்தையிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிம்மா, மதியம் இவளுக்குச் சோறு யாரு ஊட்டுறது?" என்றார். அந்தக் கேள்விக்கு ஆராய்ச்சியில் பதில் இல்லை. ஒரு கிண்ணம் பருப்பு சாதம் ஊட்ட ஒரு மணி நேரம் ஆகும். போனைக் கையில் கொடுத்தால் பத்தே நிமிஷம். குழந்தையை அசையாமல் உட்காரவைப்பதில் திரையை வேறு எதுவும் ஜெயிக்காது, இதை நான் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். முட்டி வலியோடு பிள்ளை பார்க்கும் ஒரு பெரிய மனுஷியைக் குறை சொல்லும் உரிமை எனக்கில்லை.

ஒரு சனிக்கிழமை அவர் ஊட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வாய் திறக்கிறது, மூடுகிறது, கண் திரையைவிட்டு நகரவில்லை. என்ன சாப்பிட்டோம், வயிறு நிறைந்ததா என்பதே அவளுக்குத் தெரியவில்லை. கிண்ணம் காலியானதும் போனை வாங்கினால் ஒரே அழுகை. மறுநாள் மொட்டைமாடிப் படியில் உட்காரவைத்து, நம் பாட்டிமார் காலங்காலமாகச் செய்ததைச் செய்து பார்த்தோம். காக்கா காட்டி ஊட்டினோம். காக்காய்க்கும் போனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு: காக்கா பறந்துவிடும். பறந்ததும் "காக்கா எங்க போச்சு?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. "வீட்டுக்கு" என்கிறாள். "வீட்ல யாரு இருக்கா?" "காக்கா அம்மா." அதற்குள் இரண்டு வாய் உள்ளே போய்விடுகிறது. இன்றைக்கும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல்தான் ஆகிறது. கிண்ணத்தில் பாதி மிஞ்சும் நாளும் உண்டு. மிஞ்சினால் மிஞ்சட்டும் என்று விட்டுவிட்டோம், அத்தைக்கு அதுவே பெரிய நிம்மதி.

அழுகையை நிறுத்தப் போனைக் கொடுப்பதைப் பற்றியும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளைச் சமாதானப்படுத்த அடிக்கடி திரையைக் கொடுத்த வீடுகளில், குறிப்பாகப் பையன்களிடம், மாதங்கள் போகப் போகச் சட்டென்று பொங்கி எழும் குணம் கூடியதாகத் தெரிந்தது. அழுது, தானே அடங்கக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு போய்விடுகிறது என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் காரணம். டேப்லெட் வந்தால் அது பாப்பாவுக்கே சொந்தமாகிவிடும். என் போன் என்றால் "அம்மாவுக்கு வேலை இருக்கு" என்று வாங்கலாம். அவளுடைய பிறந்தநாள் பரிசை நான் எப்படி வாங்கி வைப்பேன்? மற்ற காரணங்களைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

டிவியைப் பற்றி ஒரு வரி. யாரும் பார்க்காமல் கூடத்தில் சும்மா ஓடும் டிவி கூடக் குழந்தையின் விளையாட்டைக் கலைக்கிறது, 2008இல் ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளிடம் இதைப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் மதிய சீரியலை அத்தை பாப்பா தூங்கும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டார்.

இனி செப்புச் சாமான். அம்பாசமுத்திரத்தில் கடைந்து செய்யும் மஞ்சளும் சிவப்புமான மரச் செப்பு, எனக்குச் சின்ன வயதில் இருந்தது. அடுப்பு, குடம், அம்மி, திருகை, உரல். கர்நாடகத்துச் சன்னபட்டணத்திலும் இதே போலக் கடைசலில், அரக்கு வண்ணம் ஏற்றிப் பொம்மை செய்கிறார்கள். பெங்களூரிலிருந்து பக்கம்தான், தம்பி பஸ் ஏறினால் போதும். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வந்த நான்கு செப்பைப் பாப்பாவிடம் கொடுத்துப் பார்த்தோம். முதல் நாள் உருட்டினாள். இரண்டாம் நாள் ஒன்றுக்குள் ஒன்றைப் போட்டாள். மூன்றாம் நாள் காலிக் கிண்ணத்தை என் வாயருகே கொண்டுவந்து "காப்பி" என்றாள். நான் குடித்தேன். தலையணைக்கும் ஒரு வாய் கொடுத்தாள், "சூடு, சூடு" என்று சொல்லி ஊதிக் கொடுத்தாள்.

இந்த வயதில் நடக்கும் பெரிய விஷயம் இதுதான். இல்லாத காப்பியை இருப்பதாக நினைக்கும் மனசுதான், "காப்பி" என்ற ஒலி காப்பிக்குப் பதிலாக நிற்கும் என்பதையும் பிடித்துக்கொள்கிறது. குழந்தை ஒரு குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும்போது, கண்ணெதிரே இருக்கும் பொருளிலிருந்து அர்த்தத்தைப் பிரித்தெடுக்கக் கற்கிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி எழுதினார். குச்சி சும்மா இருப்பதால்தான் அது குதிரையாக முடிகிறது. பேட்டரி போட்டுக் கனைக்கும் குதிரை கடைசிவரை குதிரையாகவே இருக்கும்.

கட்டைகளும் அப்படித்தான், அடுக்கினால் வீடு, வரிசையாக வைத்தால் ரயில். கட்டை கொடுத்த குழந்தைகளுக்குப் பேச்சு கூடியதாக 2007இல் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. ஆனால் அதற்குப் பணம் கொடுத்தது கட்டை தயாரிக்கும் நிறுவனம் என்பதால் அதை வைத்து நான் முடிவு எடுக்கவில்லை. பாப்பா கட்டையை அடுக்குவதைப் பார்த்ததே போதுமாக இருந்தது.

செப்பில் ஒரு ஆபத்து உண்டு. மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்குத் தரும் எந்தப் பொருளும் தொண்டையில் சிக்கும் அளவுக்குச் சின்னதாக இருக்கக் கூடாது. சோதனைச் சாலைகளில் சுமார் மூன்று சென்டிமீட்டர் வாயுள்ள குழாயில் போட்டுப் பார்ப்பார்கள், முழுசாக உள்ளே போனால் அது இந்த வயதுக்கு ஆகாது. குட்டி மூடி, குட்டிக் கரண்டி எல்லாவற்றையும் நான் எடுத்து டப்பாவில் போட்டுப் பரண் மேல் வைத்துவிட்டேன். கடையில் வாங்கும் பொம்மையில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், 2021 ஜனவரியிலிருந்து இந்தியாவில் பொம்மைகளுக்கு அது கட்டாயம். பேட்டரிப் பொம்மை ஏற்கெனவே வீட்டில் இருந்தால் இன்றைக்கே அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பொத்தான் போலிருக்கும் தட்டைப் பேட்டரியை விழுங்கி அது உணவுக்குழாயில் மாட்டினால், இரண்டே மணி நேரத்தில் உள்ளே வெந்துபோகும். திருகாணி போட்டு மூடாத பொம்மை வீட்டில் இருக்கவே கூடாது. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வாக்கரா நடைவண்டியா என்று போன வருஷம் இதே வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. சக்கரம் வைத்த வாக்கருக்குள் குழந்தையை உட்காரவைத்தால் சீக்கிரம் நடக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நடப்பதற்கு அது உதவாது, படியில் உருண்டு விழும் ஆபத்துதான் அதிகம். கனடா 2004இல் அதை விற்கவே கூடாது என்று தடை செய்துவிட்டது. நாங்கள் தச்சரிடம் சொல்லி மூன்று சக்கர நடைவண்டி செய்து வாங்கினோம். அவளே பிடித்து எழுந்து, அவளே தள்ளி, அவளே விழுந்து பழகினாள்.

படப் புத்தகத்தில் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. அத்தைக்குக் கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து தெரியாது, எப்படி வாசிப்பார்? வாசிக்கவே வேண்டாம் என்று பிறகுதான் புரிந்தது. ஒயிட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளர் 1988இல் இரண்டு வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார்: வரிகளைப் படித்துக்கொண்டே போகாமல் "இது என்ன? இவன் என்ன பண்றான்?" என்று கேளுங்கள், குழந்தை சொல்வதோடு ஒரு சொல்லைச் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகள் பேச்சில் நன்றாக முன்னேறிவிட்டார்கள். அத்தை இதை யாரும் சொல்லாமலே செய்கிறார். யானைப் படத்தைக் காட்டி "இது அழகர் கோயிலுக்குப் போகுது, கூட யாரு போறா?" என்று ஆரம்பித்தால் எழுதியவருக்கே தெரியாத கதை வரும். பிரதம் புக்ஸ், சென்னையின் தூலிகா ஆகிய இரண்டு பதிப்பகங்களிலும் தமிழில் நல்ல படப் புத்தகங்கள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. கிழிந்துபோகும் என்று உயரத்தில் வைக்காதீர்கள், கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள், கிழிந்தால் டேப் ஒட்டலாம். புத்தகத்துக்கு உள்ள ஒரே குறை, பக்கத்தில் ஒருவர் கட்டாயம் வேண்டும். சமையல் முடியும் வரை அவளைத் தனியாக வைத்திருக்க அது உதவாது. செப்பு கால் மணி நேரம் உதவும்.

கடைசியில் செப்பும் கட்டையும் பெரும்பங்கு, புத்தகம் கூடவே, டேப்லெட் இப்போது வேண்டாம், நான்கு வயதில் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். எல்லா வீட்டுக்கும் இதே முடிவு பொருந்தாது. தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர், படுக்கையில் கிடக்கும் பெரியவரையும் சேர்த்துப் பார்க்கிறவர், அரை மணி நேரம் மெதுவான ஒரு தமிழ் நிகழ்ச்சியைப் போட்டுவிட்டு மூச்சு விட்டால் அதில் தப்பே இல்லை. முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து "அது என்ன பண்ணுது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பொம்மை வாங்கும் வசதி இல்லை என்றாலும் கவலை வேண்டாம், கொட்டாங்குச்சியும் டம்ளரும் அட்டைப்பெட்டியும் போதும். நிறைய இருப்பதும் நல்லதில்லை. 2018இல் ஒஹாயோவில் 36 குழந்தைகளுக்கு ஒரு தடவை 4 பொம்மையும் இன்னொரு தடவை 16 பொம்மையும் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கு இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், விதவிதமாக விளையாடினார்கள். நாங்களும் பாதியைப் பையில் கட்டி வைத்துவிட்டு வாரம் ஒரு முறை மாற்றுகிறோம்.

தம்பியிடம் சொன்னேன். முதலில் கொஞ்சம் வருத்தப்பட்டான். "இவ்ளோதானாக்கா? ஆயிரம் ரெண்டாயிரத்துல முடிஞ்சிருச்சே" என்றான். "மிச்சத்துக்கு நீ ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வீடியோ கால் பண்ணுடா" என்றேன். அந்த விலக்கைச் சொன்னேன் அல்லவா, அது சும்மா கொடுத்தது கிடையாது. 2014இல் வந்த ஒரு சோதனையில், இரண்டு முதல் இரண்டரை வயதுக் குழந்தைகள் பதிவு செய்த வீடியோவிலிருந்து புது வினைச்சொற்களைக் கற்கவில்லை. ஆனால் வீடியோ காலில், எதிரே இருப்பவர் தன்னைப் பார்த்து, தனக்குப் பதில் சொன்னபோது, நேரில் கற்றது போலவே கற்றார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் போனைக் குடத்தில் சாய்த்து வைத்திருந்தேன். பாப்பா மஞ்சள் செப்பு ஒன்றைத் திரைக்கு நேரே நீட்டி "மாமா, காப்பி" என்றாள். அவன் அந்தப் பக்கம் உறிஞ்சிவிட்டு, "ஆ, சுடுதே!" என்று நாக்கை வெளியே நீட்டினான். அவள் செப்பைத் திருப்பி எடுத்து, கன்னம் உப்ப மூன்று தடவை ஊதி, மறுபடி நீட்டினாள்.